பக்கத்துக் கதிரைக்காரர்

ஜேர்மனியில் வாழும் தமிழருக்குள் ஓர் இனம் உண்டு. அந்த இனத்துக்கு ஒரு வருத்தமும் வராது. ஆனால் மாதத்தில் எட்டுத் தடவை டொக்டரிடம் போகும். டொக்டரின் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருக்குமல்லவா? யன்னலோரம், வெளிச்சத்தைப் பார்த்தபடி இருப்பது நோயாளிக்கு. சுவரோரம் இருப்பது கூடவந்தவருக்கு. இந்தச் சுவரோரக் கதிரையில் இருந்துகொண்டு அந்த யன்னலோரக் கதிரைக்காக வாய் திறப்பவர்தான் நாம் பார்க்கப்போகிறவர். அப்படி ஒருவரைப் பார்த்ததேயில்லை என்கிறீர்களா? நல்லது, கெல்சென்கிர்ச்சனுக்கு வாருங்கள், யாகோப்பு அண்ணையைக் காட்டுகிறேன்.

யாகோப்பு அண்ணை எண்பத்தைந்தாம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து வந்தவர். பாண் தொழிற்சாலையில் விடியப்புற வேலை, மத்தியானம் ஒரு மணிக்கு வீடு. குளித்து, சாப்பிட்டு, மண்ணிறக் கோட்டைப் போட்டுக்கொண்டால் அவருடைய உண்மையான உத்தியோகம் தொடங்கும். அவரிடம் ஒரு சிவப்புக் கொப்பி இருக்கிறது. ஊரிலுள்ள தமிழர் எல்லாருடைய வைத்தியச் சந்திப்புகளும், அதாவது 'டெர்மின்'களும், நாள் நேரத்தோடு அதில் இருக்கும். உங்களுக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது. "புதன்கிழமை மூண்டேகாலுக்கு உங்கட முழங்கால். வெளிக்கிட்டு நில்லுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். முழங்காலின் சொந்தக்காரர் வேறு என்ன செய்யமுடியும்? வெளிக்கிட்டு நிற்பார்.

அவருடைய மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். லூர்தம்மா தன் வயிற்றுவலியைச் சொல்லத் தொடங்கினால் அது ஹம்பேர்க்கில் நடந்த ஒரு கலியாணவீட்டில் ஆரம்பித்து, அங்கே பரிமாறிய கத்தரிக்காய்க் குழம்பு, திரும்பி வந்த ரயிலில் இருக்க இடம் கிடைக்காதது, மருமகள் முகத்தை நீட்டியது, மூன்று நாள் நித்திரை இல்லாதது, இடப்பக்கம் குத்தி முதுகுக்கு ஓடுகிற வலி, அதை ஏனென்று கேட்க ஒருவரும் இல்லாத கவலை என்று எட்டு நிமிடம் நடக்கும். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். பிறகு டொக்டர் ஹோல்ட்கம்ப் என்கிற அந்த நரைத்த தலை அம்மாவின் பக்கம் திரும்பி ஜேர்மன் மொழியில் மொழிபெயர்ப்பார்.

"வயிறு."

டொக்டர் சோதித்துப் பார்த்து, இரைப்பையில் புண், காலையில் ஒரு மாத்திரை, இரண்டு கிழமைக்கு உறைப்பு வேண்டாம் என்று இரண்டு வசனம் சொல்வார். இப்போது அண்ணையின் முறை. வயிறு என்பது என்ன, புண் எங்கிருந்து வருகிறது, தன் சித்தப்பாவுக்கு இதே வருத்தம் வந்தபோது யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தார்கள், அதைவிட இஞ்சியும் சீரகமும் எப்படித் திறம் என்று பத்து நிமிடம் போகும். உறைப்பு மட்டும் வராது. உறைப்பை நிறுத்தச் சொன்னால் மனுசி கவலைப்படுமே!

"தமிழ் மிகவும் நீளமான மொழி போலிருக்கிறது, ஹெர் யாகோப்பு" என்றார் டொக்டர் ஒருமுறை.

"மிகவும் பழைய மொழி, டொக்டர்" என்றார் அண்ணை பெருமையோடு.

வெட்கப்படுகிற விடயங்கள் அவரைத் தாண்டிப் போகவே மாட்டா. மலம் ஒழுங்காகப் போகிறதா என்று டொக்டர் கேட்டால், "சாப்பாடெல்லாம் செமிக்குதோ?" என்று கேட்பார். பெண்களிடம் மாதவிலக்கைப் பற்றி டொக்டர் விசாரித்தால் அண்ணை கூரையை அண்ணாந்து பார்த்து, "வீட்டில பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்பார். "இல்லை அண்ணை, அவர் இப்ப குடிக்கிறேல்லை" என்று பதில் வரும். "எல்லாம் ஒழுங்கு, டொக்டர்" என்று அது மறுபக்கம் போய்ச் சேரும். டொக்டர் அதையும் எழுதிக்கொள்வார்.

கெட்ட எண்ணமா? கடுகளவும் இல்லை. பனியிலும் மழையிலும் தன் காசில் பஸ் ஏறி வருகிற மனிதர். கெட்ட செய்தி யாருடைய காதிலும் விழக்கூடாது என்பதுதான் அவர் கொள்கை. 'சத்திரசிகிச்சை' அவர் வாயில் "சின்னதாய் ஒண்டு பாக்கவேணுமாம்" ஆகிவிடும். புஸ்பவதியின் நீரிழிவு ஆறு வருடமாக "சீனி கொஞ்சம் கூடவாம், பயப்பிடத் தேவையில்லை" என்ற அளவிலேயே நின்றது. புஸ்பவதி ஒரு சிறுவர் பள்ளியின் குசினியில் சமையல் வேலை செய்கிற, அதிகம் பேசாத பெண். அண்ணையின் கொப்பியில் அவளுக்குத் தனிப் பக்கமே உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்காக நகரம் முழுவதும் கொடி கட்டியிருந்த அந்த வருடத்தில், நகரச் சுகாதாரத் திணைக்களம் ஒரு காரியம் செய்தது. வெளிநாட்டு நோயாளிகளுக்கு அவரவர் மொழியில் ஒரு கையேடு அடித்தது. துருக்கியம், ரஷ்யன், அரபு, ஸ்பானியம் என்று வந்த வரிசையில் கடைசியாகத் தமிழும் வந்தது. இடப்பக்கம் ஜேர்மன், வலப்பக்கம் தமிழ், நடுவில் படம். நோயாளியும் விரல் வைத்துக் காட்டலாம், டொக்டரும் விரல் வைத்துக் கேட்கலாம். டொக்டர்மாருக்கும் கட்டுக்கட்டாக அனுப்பினார்கள். அது போதாதென்று, நோயாளிகளோடு கூடப்போகிறவர்களுக்காகத் தேவாலய மண்டபத்தில் மூன்று சனிக்கிழமை வகுப்பும் வைத்தார்கள்.

அண்ணை முதல் ஆளாய்ப் போய் முன்வரிசையில் இருந்தார். படிக்கவா? யாராவது வழிகாட்ட வேண்டாமா? வகுப்புக்கு ஆள் சேர்க்கவென்று புஸ்பவதியையும் கூட்டிப்போனார். திணைக்களத்திலிருந்து வந்த பெண் பலகையில் முதலாவது விதியை எழுதினாள்: சொன்னது எல்லாவற்றையும் சொல்லுங்கள், எதையும் கூட்டாதீர்கள், எதையும் விடாதீர்கள்.

அண்ணை கையை உயர்த்தினார். "அப்படியென்றால் அங்கே மனிதர் எதற்கு? ஒரு குழாயைப் பூட்டிவிடலாமே?"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, "சரியாகச் சொன்னீர்கள், நல்ல குழாயாக இருங்கள்" என்றாள். தேநீர் இடைவேளையோடு அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். புஸ்பவதி மூன்று சனிக்கிழமையும் இருந்தாள்.

ஆவணி மாதம் தமிழ்க்கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில், அண்ணை அவளைக் கண்டார்.

"தங்கச்சி, செவ்வாய்க்கிழமை உம்மட சீனி டெர்மின். ரண்டரைக்கு வெளிக்கிட்டு நில்லும்."

"அதை முன்னுக்குப் போட்டவை அண்ணை. போன கிழமை போயிட்டு வந்திட்டன்."

"ஆரோட?"

"தனிய."

"தனியவோ?"

"ஓம் அண்ணை. புத்தகத்தைக் கொண்டு போனன். அவ ஒரு இடத்தில விரல் வைச்சா, நான் ஒரு இடத்தில வைச்சன். கால் மணித்தியாலத்தில கதை முடிஞ்சுது."

அண்ணை முருங்கைக்காய் ஒன்றை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "சீனி எவ்வளவாம்?" என்று கேட்டார்.

"நல்லாக் கூடவாம். ஆறு வருசமாய்ச் சொல்லிக்கொண்டு வாறாவாம்." அவள் குற்றம் சொல்லவில்லை. பாவற்காயைப் புரட்டிப் பார்த்துப் பிஞ்சாகத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சிவப்புக் கொப்பியில் வெற்றுப் பக்கங்கள் வரத் தொடங்கின. லூர்தம்மாகூட அந்தப் புத்தகத்தைக் கைப்பையில் வைத்திருப்பதாகக் கேள்வி. அண்ணைக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. இதை நீங்கள் சோகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. உயிர்த்த ஞாயிறிலிருந்தே செய்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று, கைத்தொலைபேசியில் ஏதோ செய்தி வந்ததுபோலப் பார்ப்பார். செய்தி ஒன்றும் வராது. மூச்சு வரும்வரை பார்ப்பார். காலடிச் சத்தம் பாதியில் நிற்பதை அவர் மனைவி வெரோனிக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"வியாழக்கிழமை மூண்டு மணிக்கு டொக்டரிட்ட ஒரு டெர்மின் எடுத்திருக்கிறன்" என்றார் ஒருநாள்.

"ஆருக்கு?"

"உங்களுக்கு. நானும் வாறன்."

"விசரே உமக்கு? டொக்டரிட்ட எப்பிடிப் போறதெண்டு எனக்கோ சொல்லித்தாறீர்?"

கொப்பியில் நேரத்தை எழுதினார். பெயரை எழுதவில்லை. வெரோனிக்காவைக் கூட்டிப்போகவும் இல்லை.

வியாழக்கிழமை காத்திருப்பு அறையில் புஸ்பவதி இரத்தப் பரிசோதனை முடிவுக்காக இருந்தாள். "ஆரோட வந்தனீங்கள் அண்ணை?" என்று கேட்டாள். "ஒராள் வாறார்" என்று சொல்லிவிட்டு அண்ணை சுவரிலிருந்த பல் படத்தைக் கவனமாகப் படித்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். இருபது வருடப் பழக்கம் அல்லவா, கால்கள் தாமாகவே போய்ச் சுவரோரக் கதிரையில் அவரை இருத்திவிட்டன.

டொக்டர் யன்னலோரக் கதிரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அரை நிமிடம் பொறுத்தார். "நோயாளி கழிவறைக்குப் போயிருக்கிறாரா?"

"இல்லை டொக்டர். வந்துவிட்டார்."

டொக்டர் எழும்பிக் கதவுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அண்ணை.

"அப்படியா! சரி, உங்களுக்கு என்ன செய்கிறது?"

பித்தப்பை, சிறுநீரகக் கல், முழங்கால் சவ்வு என்று மற்றவர்களின் உடம்பிலுள்ள எல்லாவற்றுக்கும் அண்ணையிடம் ஜேர்மன் சொல் இருந்தது. தன் நெஞ்சுக்கு ஒன்றையும் காணவில்லை. கடைசியில் ஒன்று அகப்பட்டது.

"களைப்பு."

புஸ்பவதி தனியே வந்துபோனதிலிருந்து டொக்டருக்குத் தமிழின் நீளத்தைப் பற்றிச் சந்தேகம் வந்திருந்தது. "நெஞ்சில் வலி?" என்று கேட்டார். இல்லை. "படி ஏறும்போது?" எங்கள் வீட்டுப் படிகள் பழையவை, டொக்டர். "வேறு ஏதாவது?" இந்த முறை வெயில் கூட. டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "கூட ஒருவர் இருந்தால் நல்லது. அது உங்களுக்குத் தெரியாததா?" என்றபடி கதவைத் திறந்து, வெளியே தெரிந்த தமிழ் முகத்தைக் காட்டி, கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அண்ணையிடம் காரணம் இருக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல மற்றவர்களுக்கும் அவர் இடம் கொடுத்ததில்லையே.

புஸ்பவதி உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணை, அது என்ர கதிரை."

அண்ணை எழும்பி யன்னலோரக் கதிரைக்குப் போனார். அதில் இருந்தால் வெளிச்சம் நேரே கண்ணில் குத்தும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. புஸ்பவதி புத்தகத்தை விரித்து, நெஞ்சு என்ற பக்கத்தை எடுத்து, அச்சில் இருந்தபடியே வாசித்தாள். "நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம் உள்ளதா?"

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "ஓம், கிடக்குது. உயிர்த்த ஞாயிறில இருந்து. படியேறினா இடக்கையும் உளையுது. அதைச் சொல்லிப்போடாதையும். ஆஸ்பத்திரியில இருத்திப்போடுவினம். களைப்பெண்டு மட்டும் சொல்லும்."

புஸ்பவதி தலையாட்டிக் கேட்டாள். பிறகு டொக்டரின் பக்கம் திரும்பி, நாலு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பழகிய தெளிவான ஜேர்மனில் சொன்னாள்: "ஓம் என்கிறார். ஈஸ்டரிலிருந்து இருக்கிறதாம். படி ஏறினால் இடக்கையும் உளைகிறதாம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார். நீங்கள் ஆஸ்பத்திரியில் வைத்துவிடுவீர்களாம். களைப்பு என்று மட்டும் நான் சொல்லவேண்டுமாம்."

"என்ன பிள்ளை வேலை செய்தனீர்!"

"என்ன வேலை செய்தாய் என்று என்னைக் கேட்கிறார்."

"நிப்பாட்டும்!"

"நிறுத்து என்கிறார்."

டொக்டர் சிரித்தபடியே இதயத்துடிப்பு பார்க்கிற கருவியை இழுத்து வந்தார். அது ஒரு தாளைத் துப்பியது. அதைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. இரண்டு வசனம் சொன்னார். அண்ணைக்கு அது ஜேர்மனிலேயே நன்றாக விளங்கியது. ஆனாலும் புஸ்பவதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் ஒண்டு அடைச்சுக் கிடக்கலாமாம். இப்பவே அம்புலன்சில போகவேணுமாம்."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான் சொன்னவ."

சித்தப்பா இல்லை, இஞ்சி இல்லை, பயப்பிடத் தேவையில்லை என்பதும் இல்லை. "பயமாக் கிடக்குது, பிள்ளை" என்றார் யாகோப்பு அண்ணை. புஸ்பவதி அதையும் டொக்டருக்குச் சொன்னாள். டொக்டர் எழும்பி வந்து, அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அடைப்பை எடுத்து, குழாய்க்குள் சிறிய வலைச்சுருள் ஒன்றை வைத்து, மூன்றாம் நாள் அண்ணையைச் சாய்ந்திருக்க விட்டார்கள். பார்க்க வெரோனிக்காவும் புஸ்பவதியும் வந்தார்கள். அண்ணை புஸ்பவதியின் பக்கம் திரும்பினார்.

"உமக்கு உவ்வளவு ஜேர்மன் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது."

"பதினொரு வருசமாய் அந்தக் குசினியில நிக்கிறன் அண்ணை. அந்தப் பிள்ளையளோட தமிழிலையோ கதைக்கிறது? வருத்தத்தின்ர சொல்லுகள்தான் தெரியாமக் கிடந்தது, அது புத்தகத்தில வந்திட்டுது."

"அப்ப ஏன் என்னைக் கூட்டிக்கொண்டு போனனீர்?"

புஸ்பவதி வெரோனிக்காவைப் பார்த்தாள். வெரோனிக்கா தோடம்பழத்தை உரிப்பதில் மும்முரமானார். "நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல்ல வந்து நிண்டிடுவியள். வேண்டாமெண்டு சொல்ல எங்களுக்கு மனம் வரேல்லை அண்ணை."

அண்ணை போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பினார். வெளிச்சம் கண்ணில் குத்துகிறதென்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

திருந்திவிட்டாரா? பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர், பிறந்தது முதல் கெல்சென்கிர்ச்சனைத் தாண்டாத ஜேர்மன்காரர். அன்று பின்னேரம் பெரிய டொக்டர் வந்து லத்தீனும் ஜேர்மனுமாக ஏதோ சொல்லிவிட்டுப் போக, கிழவர் ஒன்றும் விளங்காமல் விழித்தார். அண்ணை முழங்கையை ஊன்றி எழும்பினார். "அவர் என்ன சொல்கிறார் என்றால், ஹெர் கோவால்ஸ்கி, சின்னதாக ஒன்று பார்க்கவேண்டுமாம். என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான்" என்று ஜேர்மன்காரருக்கு ஜேர்மனை ஜேர்மனிலேயே மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன கிழமை ஒருவர் உங்கள் மனைவியிடம் எப்படிச் சுகம் என்று கேட்டபோது, "அவவுக்கென்ன, நல்லாயிருக்கிறா" என்று சொன்னது யார்? கடைக்காரர் உங்கள் மகளிடம் என்ன வேணும் என்று கேட்க, அவள் வாய் திறக்குமுன் பதில் எங்கிருந்து வந்தது? அது நீங்கள் இல்லை என்றால் மெத்தச் சந்தோசம். அப்படியானால் இந்தக் கட்டுரையைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுங்கள். "இது எங்கட இன்னாரைப் பற்றித்தான், இதில என்ன சொல்லியிருக்கெண்டால்" என்று தொடங்காமல் நீட்டிவிட்டுச் சும்மா இருங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியும்.