புரட்டாசியில் பால் காய்ச்சாத நண்டுகள்

‘ஊ’ என்று ஓர் ஓசை. தொலைவில் யாரோ பெயரை மறந்துவிட்டுக் கூப்பிடுவதைப் போல. ஒரு காட்டில், கடலுக்குள் கால் நீட்டி நின்ற அலையாத்திக் காட்டில், கோமளம் என்ற துறவி நண்டு குஞ்சாக இருந்தபோது ஒரு பெரிய சங்குக்குள் அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வீடென்றால் அந்த ஓசைதான்.

துறவி என்பது பெயரில் மட்டும். அந்த நண்டுகளுக்குச் சொந்த ஓடு கிடையாது. செத்த நத்தையின் ஓட்டில் குடியிருக்கும். உடம்பு வளர்ந்தால் வேறு ஓடு தேடும். அதனால் அவை பேசியதெல்லாம் வீட்டைப் பற்றித்தான்.

கோமளத்துக்கு இருந்த வீடு போதவில்லை. முதுகில் பாதி வெளியே நின்றது. ஆபத்து வந்தால் உள்ளே இழுத்துக்கொள்ள இடமில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய சங்கு ஒன்று கரை ஒதுங்கியது. சேதி கொண்டுவந்தவர் தரகர் வரதராசு. அவர் ஒரு கொக்கு. மேலே பறப்பவர் என்பதால் காலி வீடெல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும். நண்டு தின்பவர்தான். ஆனால் அது புரட்டாசி. மாதம் முழுக்க அவர் கவிச்சி தொடுவதில்லை.

“வில்லங்கமே கிடையாது. குடியிருந்தவர் போய்ச் சேர்ந்தாச்சு, வாரிசும் இல்லை” என்றார்.

ஆறு நண்டுகள் உயரப்படி வரிசையில் நின்றன. பெரிய நண்டு தணிகாசலம் சங்குக்குள் போனால், அவர் வீட்டுக்கு இரண்டாவது நண்டு. அப்படியே இறங்கி, கடைசியில் நின்ற கோமளத்துக்கும் ஒரு வீடு. எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தணிகாசலம் கழற்றவில்லை. “புரட்டாசியில எவனாவது பால் காய்ச்சுவானா? ஐப்பசி பொறக்கட்டும்.”

“ஐயா, இந்த மாசமே மாறிடுங்க” என்று கெஞ்சினார் வரதராசு. “அடுத்த மாசம் என் புத்தி எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது.”

“பாத்தீங்களா! தரகன்னாலே இப்படித்தான் அவசரப்படுத்துவான்.”

வரிசை சிரித்தது.

“அண்ணே, எனக்கு முதுகு வெளியே நிக்குது” என்றாள் கோமளம்.

“கடைசியில நிக்கிறவளுக்கு என்னம்மா அவசரம்? மூச்சை இழுத்துப் புடிச்சுக்க.”

கோமளம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வளர்ந்தது.

ஐப்பசி முதல் தேதி, நல்ல நேரம். தணிகாசலம் “ம்” என்றதும் ஐந்து நண்டுகள் வெற்றுடம்போடு வெளியே வந்தன. கோமளம் இழுத்தாள், நெளிந்தாள். வர முடியவில்லை. ஓடு கவ்விப் பிடித்திருந்தது.

வரதராசு ஒரு மாதம் பாசி தின்ற வாயோடு நின்றிருந்தார். ஒவ்வொருவரிடமும் “மன்னிக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் விழுங்கினார். தணிகாசலத்திடம் மட்டும், “அப்பவே சொன்னேனே, ஐயா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

கோமளத்திடம் வந்தபோது அவருக்கு ஏப்பம் வந்துவிட்டது.

“நீ ஏம்மா வெளியே வரலை?”

“மாட்டிக்கிட்டேங்க.”

வரதராசு அலகால் ஒரு தட்டுத் தட்டினார். பழைய ஓடு இரண்டாகப் பிளந்தது. “வா, வீடு காட்டுறேன். ஆறு காலியா இருக்கு. நிதானமாப் பாரு.”

கோமளம் சங்கையே எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு நான்கு மடங்கு பெரிது. அலை வரும்போதெல்லாம் ‘ஊ’ என்கிற ஓசையோடு அவளும் உள்ளே உருளுகிறாள். மற்ற ஐந்து வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறாள்.

நீதி: வீடு மாற நல்ல நாள் பார்ப்பது நல்லது, வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்கள் பார்த்தால் இன்னும் நல்லது.