கவர் ஞானி பார்த்த பெரிய வேலை

மாடியில் ஞானி. படிக்கட்டு முழுக்கப் பட்டதாரிகள். வேலைக்கு அழைத்து வந்த கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தால், பிரிக்காமலே நெற்றியில் வைத்து, அந்த வேலை உருப்படுமா என்று சொல்லிவிடுவாராம். அதனால் கவர் ஞானி. பதினாறு வருஷம் படித்தவர்களுக்குத் தங்கள் கடிதத்தைப் படிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது!

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்கு வேலை போய் எட்டு மாதம். அதற்குள் வந்த இரண்டு வேலைகளையும் ஞானியின் பேச்சைக் கேட்டு உதறிவிட்டார். மனைவி இடுப்பொடியத் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். மூன்றாவதாக ஓர் ஆஸ்பத்திரி அழைத்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளி மதியம் மூன்றுக்கு மெக்கானிக் தலைசீவிக் கிளம்பினார், ஞானியிடம்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா மனசு நிம்மதியாயிடும்."

"உங்க மனசுக்குச் சரி. என் இடுப்புக்கு?" என்றாள் மனைவி. "இருங்க, நானும் வர்றேன். கவரை நானே ஒட்டித் தர்றேன்."

ஞானி கவரை நெற்றியில் வைத்தார். உடம்பு ஆடியது. நாற்காலியும் ஆடியது, அதற்கு ஒரு கால் குட்டை.

"உள்ளே ஒரு மேலதிகாரி தெரியறான். உன்னைப் போட்டு மிதிப்பான். வேண்டாம். இதைவிடப் பெரிசு ஒண்ணு வருது. காத்திரு."

மெக்கானிக்கின் முகம் தொங்கியது. மனைவி கவரை வாங்கிக் கிழித்தாள்.

"எங்க பொண்ணுக்குப் பல்லு பிடுங்கின ரசீதுங்க ஐயா இது. இதைவிடப் பெரிசா எதைப் பிடுங்கப் போறாங்க?"

படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு இறங்கியது. "சந்தேகத்தோட வந்தா பார்வை மங்கிடும்மா" என்று ஞானி முனகினார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உங்கள்ல யாருக்காவது இவர் 'போய்ச் சேரு'ன்னு சொல்லியிருக்காரா?"

எல்லாத் தலைகளும் இல்லையென்று ஆடின. பதினோராம் தடவையாக வந்திருந்த கணிதப் பட்டதாரி ஒருவர், "எனக்கும் காத்திருன்னுதான்..." என்று இழுத்தார்.

"வேலைக்குப் போனவன் திரும்பி இங்க வருவானா? காத்திருக்கிறவன்தானே வாராவாரம் காசோட வருவான்!"

கணிதப் பட்டதாரிக்கு அந்தக் கணக்கு அப்போதுதான் விளங்கியது. ஞானியின் சட்டையைப் பிடித்தார்.

மனைவி கைப்பையிலிருந்து உண்மையான கடிதத்தை எடுத்து நீட்டினாள். மெக்கானிக்கால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு வேலையைத் தொலைச்சுட்டேனே..."

"அப்புறம் வெட்கப்படலாங்க. மணி நாலாச்சு, ஓடுங்க."

ஓடினார். நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை மூன்றாவது மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டை இறக்கினார். எந்த மேலதிகாரியும் மிதிக்கவில்லை.

படிக்கட்டுக் கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் அடுத்த தெருவில் வேறொரு ஞானி இருக்கிறாராமே என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்கள். வேலை தேடும் பெருமக்களே, கழுத்துக்கு மேலே ஒன்று வெகுநாளாகச் சும்மா இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு வேலை கொடுங்கள்!