சனிக்கிழமை டிம்சம்

இனி என் கையால் மாடிப்படியைக் கழுவுவதில்லை என்று எழுபத்தொன்றாம் வருஷம் பனி விட்ட கையோடு நான் சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய்விட்டுச் செய்கிற சபதங்களைக் கிரிஜா எவ்வளவு சுலபமாக முறித்துவிடுவாள் என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்டுட்கார்ட்டில் குடியிருந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே வாராவாரம் ஒரு வீட்டுக் கதவில் சின்ன மரப்பலகை ஒன்று தொங்கும். 'கேர்வோகே' என்று எழுதியிருக்கும். பெருக்கும் வாரம் என்று அர்த்தம். பலகை யார் கதவில் தொங்குகிறதோ, அவர் சனிக்கிழமை காலையில் மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் பெருக்கிக் கழுவித் துடைக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் இரண்டே குடித்தனம். கீழே வீட்டுக்காரி ஃப்ராவ் ஹேபர்லே, மாடியில் நாங்கள். ஆகவே ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பலகை எங்களிடம் வந்துவிடும்.

"சமையல் நான், படி நீங்க" என்று குடிவந்த அன்றே கிரிஜா பாகப்பிரிவினை செய்துவிட்டாள். நான் டர்பைன் இன்ஜினியர். எந்த உலோகம் எந்தச் சூட்டில் உருகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முதல் சனிக்கிழமை படியைக் கீழேயிருந்து மேலே கழுவிக்கொண்டு போனேன். உச்சிப்படியில் வாளியோடு நின்று, நான் கழுவிய படிகளிலெல்லாம் அழுக்குத் தண்ணீர் இறங்குவதை நானே பார்த்தேன். ஃப்ராவ் ஹேபர்லேவும் பார்த்தாள். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

சபதம் எடுத்தாகிவிட்டது. வழி வேண்டுமே? யோசித்து யோசித்து டிம்சத்தைப் பிடித்தேன்.

"கிரிஜா, டிம்சம் தெரியுமா?"

"என்னது, துவம்சமா?"

"டிம்சம். சீனாக்காரங்க டிபன். சிங்கப்பூர்ல ட்ரெய்னிங் இருந்தப்ப சாப்பிட்டிருக்கேன். கண்ணாடி மாதிரி மாவு, உள்ளே இறால், மூங்கில் தட்டுல ஆவி பறக்க வரும்."

"கொழுக்கட்டைன்னு சொல்லுங்களேன்."

"கொழுக்கட்டையா? அதை ஒரு தடவை சாப்பிட்டவன் சாகிறவரைக்கும் மறக்க மாட்டான்."

"சரி, இன்னிக்குச் சாயங்காலம் போவோம்."

"அங்கதான் விஷயமே இருக்கு. அது காலைல மட்டும்தான். எனக்கு லேப் இல்லாத காலை சனிக்கிழமை ஒண்ணுதான்."

"ஏன், ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல காக்காகூடக் கடை திறக்காது."

"அப்ப நானும் வரேன்."

"இப்ப வேண்டாம். சுத்துப்பட்டுல எது நல்ல கடைன்னு முதல்ல நான் கண்டுபிடிக்கிறேன். அப்புறம் உன்னை ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

"பலகை நம்ம கதவுல தொங்குது. படி?"

"வந்து பார்த்துக்கலாம்."

"போய்ட்டு வாங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இப்படியாக என் டிம்சம் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. எஸ்லிங்கன், ஃபாயர்பாக், லுட்விக்ஸ்பர்க், கான்ஸ்டாட் என்று நகரத்தையும் புறநகரத்தையும் சல்லடை போட்டேன். வீட்டில் சொன்ன கணக்கு இது. உண்மையில் டிராம் ஏறிப் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போவேன். அங்கே சிற்றுண்டிச் சாலையில் ஜன்னலோரமாக ஒரு மேஜை. வெண்ணெய் தடவிய பிரெட்ஸல் ரொட்டி, ஒரு கோப்பை காப்பி, கப்பலில் வந்து சேர்ந்த பழைய தமிழ் வாரப் பத்திரிகை. ஆஹா, அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தால் படி பளபளவென்று இருக்கும். கிரிஜாவே கழுவி முடித்திருப்பாள்; சண்டைக்கு வர மாட்டாள். கேள்வி மட்டும் கேட்பாள்.

"எஸ்லிங்கன் கடை எப்படி?"

"தோல் தடிமன். நூத்துக்கு முப்பது மார்க் போடலாம்."

"ஃபாயர்பாக்?"

"உப்பே இல்லை. இருபது."

"கான்ஸ்டாட்?"

"இறால் பழசு. இருந்தாலும் பரவாயில்லை, நாற்பது."

"பாவம், உங்களுக்குன்னு பார்த்து இப்படி அமையுது" என்று எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றுவாள்.

பொய்யில் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. இல்லாத டிம்சத்துக்குக் குற்றம் சொல்லிச் சொல்லி, நிஜ டிம்சத்தின் ருசி நாக்கில் ஏறிவிட்டது. லேபில் டர்பைனிலிருந்து ஆவி வந்தால் எனக்கு வாயில் நீர் ஊறியது. தாங்க முடியாமல் ஒரு நாள் சாயங்காலம் நகரத்தில் நிஜமாகவே ஒரு சீன ஓட்டலுக்குள் நுழைந்து கேட்டேன். மெனுவில் இல்லை என்று சொல்லி, அன்னாசிப்பழம் போட்ட கோழியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அழாத குறையாகச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கு விடைத்தது. இஞ்சி வாசனை, எள்ளெண்ணெய் வாசனை. கிரிஜா இட்லிப் பானையைத் திறந்தாள். குழிக்கு ஒன்றாக, கண்ணாடித் தோலும் உள்ளே ரோஜா நிற இறாலுமாக உட்கார்ந்திருந்தது டிம்சம்! ஒன்றை வாயில் போட்டேன். கண் கலங்கிவிட்டது.

"கிரிஜா, இதை யாரு பண்ணாங்க?"

"கான்ஸ்டாட்ல ஒரு கடை. காலைல வாங்கிட்டு வந்து சூடு பண்ணினேன். எத்தனை மார்க்?"

"நூத்துக்கு நூறு!"

"அதே கடைக்குத்தான் நீங்க நாற்பது போட்டீங்க."

தொண்டையில் இறால் நின்றது.

"அந்தக் கடைக்கு ஃப்ராவ் ஹேபர்லேவோட தம்பிதான் முட்டைக்கோஸ் சப்ளை பண்றார். மத்தியானம் வரைக்கும் முன்கதவே திறக்க மாட்டாங்களாம். நானும் அந்த அம்மாவும் பின்கதவு வழியாப் போனோம். சமையல்காரர் குடும்பம் கடை திறக்கறதுக்கு முன்னாடி தங்களுக்குன்னு பண்ணிச் சாப்பிடுறாங்க. நல்லது எப்பவும் அடுப்படியிலதானே இருக்கும்? நம்ம எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் குடுத்தேன். இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லிட்டாங்க."

அவள் கோபப்படவில்லை. அடுத்த டிம்சத்தை எடுத்து என் தட்டில்கூட வைத்தாள். இவ்வளவு நல்ல பெண்டாட்டியையா ஏமாற்றினோம் என்று உருகிப்போனேன்.

"வர்ற சனிக்கிழமையே போவோம் கிரிஜா! இந்த வாரம் பலகைகூட நம்மகிட்ட இல்லை!"

"ம்" என்றாள்.

சனிக்கிழமை காலை சவரம் செய்து, டை கட்டி, சென்ட் போட்டுக் கதவைத் திறந்தேன். கதவில் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

கீழே ஃப்ராவ் ஹேபர்லே தொப்பியும் கைப்பையுமாக, மாதா கோயிலுக்குப் போகிற அலங்காரத்தில் நின்றிருந்தாள். கையில் கார் சாவி.

"இது உங்கள் வாரமாயிற்றே!" என்றேன்.

"என் வாரங்களை நீங்கள் எடுத்துக்கொள்வதாக உங்கள் மனைவி சொன்னார். மிகவும் நன்றி, ஹெர் வாசுதேவன்."

புடவைக்கு மேல் கோட்டு மாட்டிக்கொண்டு கிரிஜா வந்தாள்.

"கிரிஜா, இது என்ன அநியாயம்? நானும் வர வேண்டாமா?"

"அந்தக் கடைக்கா? நீங்கதான் ஊரெல்லாம் சாப்பிட்டுப் பார்த்து நொந்து போயிருக்கீங்களே. மறுபடியும் உங்களை இழுத்துட்டுப் போய்க் கஷ்டப்படுத்த எனக்கு மனசு வரலைங்க."

"அப்ப எனக்கு டிம்சம்?"

"பொட்டலம் கட்டிட்டு வரேன். வேலை எப்படி இருக்குன்னு பார்த்துட்டுத் தரேன்."

கார் போய்விட்டது. டையைக் கழற்றினேன். இந்தத் தடவை மேலேயிருந்து கீழே வந்தேன். ஒவ்வொரு படியையும் இறாலை நினைத்துக்கொண்டே தேய்த்தேன். நடைபாதையைக் கழுவினேன். கதவுப் பிடியைக்கூட விடவில்லை.

இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்து இறங்கினார்கள். கிரிஜா கையில் பொட்டலம், அதிலிருந்து இஞ்சி வாசனை. நான் கையை நீட்டினேன்.

"இருங்க" என்றாள் கிரிஜா.

ஃப்ராவ் ஹேபர்லே கையுறையைக் கழற்றினாள். மாடிப்படிக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு விரலை ஓட்டினாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிரிஜாவைப் பார்த்துச் சொன்னாள்:

"இருந்தாலும் பரவாயில்லை, நூற்றுக்கு நாற்பது."