முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மனை

ஒரு அடி மண்ணாவது தன் பெயரில் இருக்க வேண்டும் என்று ஆதிமூலம் சபதம் எடுத்தது குழம்பில் உப்பு அதிகமாக இருந்த ஒரு நாளில். அதைச் சொன்னதற்கு, "என் வூட்டுல உப்பு அப்படித்தான் இருக்கும்" என்றாள் மனைவி குஞ்சம்மாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. முதலியார்பேட்டை வீடு அவள் அப்பா வாங்கி அவள் பெயருக்கு எழுதியது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம். பதினெட்டு வருஷமாக மில்லில் வேலை பார்த்தும், தனக்கென்று ஒரு செங்கல் இல்லையே என்று ஆதிமூலத்துக்கு உள்ளுக்குள் எரிந்தது.

அவளுக்குத் தெரியாமல் ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் ஒரு மனை பேசினான். விற்பவர் மண்ணாங்கட்டி என்ற விவசாயி. பத்திரம் எழுதும் ராஜாங்கம் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். மூன்று மாதக் கெடு. அதற்குள் கிரயம் முடிக்காவிட்டால் மனையும் போச்சு, போனஸைக் கொட்டிக் கொடுத்த முன்பணமும் போச்சு. படித்தால் பயம் வரும் என்று ஆதிமூலம் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

தாளை எங்கே ஒளிப்பது? அரிசிப் பானை, டிரங்குப் பெட்டி, பரண் எல்லாம் அவள் ராஜ்ஜியம். கடைசியில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினான். சாமிக்குப் பின்னால் யார் கை வைக்கப் போகிறார்கள்?

கெடு முடிவதற்கு முதல் நாள், மீதிப் பணத்தைத் திரட்டிக்கொண்ட தெம்பில் படத்துக்குப் பின்னால் கையை விட்டான். பல்லிதான் ஓடியது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு மண்ணாங்கட்டியிடம் ஓடினான். பக்கத்தில் தொழிற்பேட்டை ஷெட்டுகள் எழும்பியதிலிருந்து மனை விலை ஏறியிருந்தது. அவருடைய ஞாபகசக்தி இறங்கியிருந்தது. தாளைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கெடுவின் கடைசி நாள். லீவு சொல்லிவிட்டுக் கூடத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான் ஆதிமூலம். அவன் கண்ணெதிரே குஞ்சம்மாள் முருகனை ஆணியிலிருந்து இறக்கினாள். ஈரத்துணியால் முன்னும் பின்னும் துடைத்தாள். பொட்டு வைத்தாள்.

"எப்பவும் இப்படித்தான் எறக்குவியா?"

"வெள்ளிக்கெழம தவறாம. நீங்கதான் விடியறதுக்குள்ள மில்லுக்குப் போயிடுவீங்களே."

"பின்னால எதுனா இருந்துச்சா?"

"இன்னா இருக்கணும்?"

இனி மறைக்க வழியில்லை. உப்பில் தொடங்கி ஒப்பந்தம் வரை எல்லாவற்றையும் கொட்டினான். அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. எழுந்து போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். முத்திரைத்தாள் வெளியே வந்தது.

சிஸ்டர்மார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "தங்கள் பெயருக்கோ, தாங்கள் கேட்கும் வேறு நபர் பெயருக்கோ கிரயம் எழுதிக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்."

தாளை மடித்தாள். "பன்னெண்டு வாரமா இத்தையேதான் படிச்சிக்கினு இருக்கேன். யாருங்க அந்த வேற நபரு?"

ராஜாங்கம் எல்லா ஒப்பந்தத்திலும் வழக்கமாக எழுதுகிற வரி அது என்றான் ஆதிமூலம். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முருகன் மேல் சத்தியம், அப்படி யாரும் கிடையாது என்றான். பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம் என்று கெஞ்சினான்.

"யாரும் இல்லன்னா, எம் பேரச் சொல்லிடுங்க. எனக்கும் சந்தேகம் தீந்துடும்."

கண்ணைத் துடைத்த முந்தானையில் ஈரமே இல்லை என்பது ரிக்‌ஷாவில் போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது. தாள் அதற்குள் அவள் இடுப்பில் பத்திரமாக இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில், தாளைக் காட்டி அழைத்து வந்த மண்ணாங்கட்டி பக்கத்தில் நிற்க, யார் பெயருக்கு என்று ராஜாங்கம் கேட்டபோது, ஆதிமூலம் அந்த இடுப்பைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பெயரைச் சொன்னான். சாட்சிக் கையெழுத்தும் அவனே போட்டான்.

ஆபீசு வாசலில் அவன் முகம் தொங்கியிருந்ததைப் பார்த்துக் குஞ்சம்மாளுக்கே பாவமாகிவிட்டது. பத்திரத்தின் நகலை விரித்து, முதல் வரியில் விரலை வைத்துக் காட்டினாள். 'முதலியார்பேட்டை ஆதிமூலம் மனைவி குஞ்சம்மாள்' என்று இருந்தது.

"ஏன் வருத்தப்படுறீங்க? உங்க பேருதான் முன்னால இருக்குது."