மங்கலம் ரோட்டுச் சாவிபுடுங்கி

திருப்பூர்க் கார்களில் பாதியை ஓடவிடாமல் செய்தவர் ஒரே ஒரு மனிதர்தான். மங்கலம் ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் சாவிபுடுங்கி.

ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் சரி, முதலில் ஜாக்கி வைத்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குவார். சக்கரத்தை இருபக்கமும் பிடித்து ஆட்டுவார். 'டொக்' என்று கேட்டால் போச்சு. கார் சாவி அவருடைய டிபன் கேரியருக்குள் போய்விடும், கொக்கியையும் மாட்டிவிடுவார். தேய்ந்த பாகத்தை மாற்றினால்தான் சாவி.

ஒருமுறை பூ அலங்காரத்தோடு கல்யாணக் கார் ஒன்று பல்ப் மாற்ற வந்தது. உள்ளே மாப்பிள்ளை. ஆட்டினார். டொக். மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு, பனியன் மூட்டை ஏற்றிய மினி ஆட்டோவில் மண்டபம் போய் இறங்கினார். சண்டைக்கு வந்த பெண்வீட்டார் காரையும் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தாராம்.

எனக்கு நேர்ந்ததுதான் அக்கிரமம். நான் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பன்னிரண்டு மணிக்குள் பெருமாநல்லூரில், சரக்கு வாங்கும் பையரிடம் சாம்பிள் காட்டவேண்டும். வழியில் அவர் பட்டறையில் ஆயில் பார்க்க அரை நிமிடம் நிறுத்தினேன். அவ்வளவுதான். டொக்.

"ஏனுங்க, ஸ்டியரிங் எத்தன நாளா லொடலொடங்குது?"

"ஆறு மாசமாங்க. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு..."

"டயரு ஒரு பக்கமா தேஞ்சுருக்குது, ரப்பர் கிழிஞ்சு கிரீஸ் ஒழுகுது. பாட்டுப் பொட்டி மட்டும் புதுசா மாட்டியிருக்கறீங்க!"

சாவி கேரியருக்குள் போனது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"என் காரு, என் உசுரு! உங்களுக்கு என்னங்க?"

"உங்க உசுர என்னமோ பண்ணிக்கோங்க. எதுக்கால ஸ்கூட்டர்ல வர்றவன் உசுரு ஆருதுங்க?"

போலீஸுக்குப் போவேன் என்றேன். இன்ஸ்பெக்டர் ஜீப்பு சாவியும் இதற்குள்தான் இருக்கிறது என்று கேரியரைத் தட்டினார்.

அதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் 'டை ராடு எண்ட்' என்ற மூட்டைப் பிடித்து வெறுங்கையால் இழுத்தார். மூட்டுக்குள் இருந்த குண்டு அதன் கிண்ணத்தைவிட்டுக் கழன்று கையோடு வந்தது. பெருமாநல்லூர் போகும் வழியில் இது கழன்றிருந்தால்? உட்கார இடம் தேடினேன்.

நான் வாயை மூடியதும் அவர் ஆரம்பித்தார். பழையதைத் திருகிக் கழற்றும்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டே திட்டினார். அதே எண்ணிக்கையில் புதியதை முறுக்கினார். "ஒரு பக்கம் போச்சுன்னா அடுத்ததும் போற வழிதான்" என்று மறுபக்கத்தையும் மாற்றினார். நட்டு கழலாமல் இருக்கப் புதுப் பின் போட்டு வளைத்தார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மெண்ட் பார்க்காமல் கம்பெனிக்குப் போனால் வீட்டுக்கே வந்து சாவியைப் பிடுங்குவேன் என்றார்.

காரை அலைன்மெண்டுக்கு விட்டுவிட்டு, சாம்பிளோடு பஸ் ஏறினேன். தாமதத்துக்குப் பையர் திட்டினான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் போனபோது பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "அவருக்குக் காய்ச்சலுங்க" என்றார். எதிரிலேயே பளபளப்பாக இன்னொரு ஒர்க்‌ஷாப், "வாங்க சார்" என்று கூப்பிட்டது. எனக்கு வந்ததே கோபம்! யாரைக் கேட்டுக்கொண்டு இந்த மனிதருக்குக் காய்ச்சல் வந்தது?