புளியமரத்துக் குழாயில் கேட்ட கூட்டம்

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை, ஆவணி 25, 2002

மதிப்பிற்குரிய சம்பந்தி, ஆனேக்கல் திரு. முனிவேல் அவர்களுக்கு,

மணப்பெண் லாவண்யாவின் தாய்மாமன் பாஸ்கரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், மாப்பிள்ளை கௌதமும், கடந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு வேனில் கிளம்பி எங்கள் ஊரில் இறங்காமலேயே வீடு திரும்பிய உறவினர் பதினான்கு பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தட்டு மாற்றாத நிலையில் சம்பந்தி என்று எழுதலாமா என்று என் அக்கா சுகுணா கேட்டாள். எழுதி வைப்போம், பிடிக்காவிட்டால் அவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். போனில் என் குரலைக் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுவதாலும், இன்று பிள்ளையார் சதுர்த்திக்குக் கம்பெனி விடுமுறை என்பதாலும் இதை எழுதுகிறேன். எல்லையில் பஸ் ஓடாவிட்டாலும் பால் வேன் ஓடுகிறது. டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நான் சிப்காட்டில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக இன்ஸ்பெக்டராக இருப்பது தங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு பொருள் பழுதாக வந்தால் யார் செய்தது என்று கேட்கக் கூடாது, ஏன் நடந்தது என்று ஐந்து முறை கேட்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் இரண்டாவது ஏனுக்குள் ஒருவன் மாட்டிக்கொள்வான், மீதி மூன்றும் அவனைத் திட்டுவதில் போய்விடும். இருந்தாலும் விதி விதிதான். அந்த முறைப்படியே நடந்ததை விளக்குகிறேன்.

முதல் ஏன்: வேன் ஏன் திரும்பியது. கெலமங்கலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற மண்பாதை, பால் சொசைட்டிக்கு முன்னால் மூன்றாகப் பிரியும். கைகாட்டி கிடையாது. வைத்தால் யாராவது கோழிக்கூண்டுக்குப் பிடுங்கிப் போய்விடுவார்கள். அதனால் விசேஷ வீட்டுக்காரர்கள் விடியற்காலையிலேயே புளியமரத்தில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள், வருகிறவர்கள் சொசைட்டி முக்கில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். என் அக்காள் புருஷன் எல்லப்பனும் தங்களுக்கு அப்படித்தான் வழி சொன்னார். தாங்களும் சொன்னபடியே முக்கில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காதைக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டது நாதஸ்வரம் இல்லை. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம், விசில், எதையோ போட்டு உதைக்கிற சத்தம், நடுவில் ஒருவன் புரியாத பாஷையில் கூட்டத்தைப் பார்த்து அலறுகிற சத்தம். காவிரித் தண்ணீர் விவகாரத்தில் பஸ்களெல்லாம் எல்லையில் ஜூஜூவாடியோடு நின்றுபோன வாரத்தில், கர்நாடக நம்பர் பிளேட் போட்ட வேனில், பெண்டு பிள்ளைகளோடு இருக்கிற எவரும் செய்வதைத்தான் தாங்களும் செய்தீர்கள். நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன். திருப்பும்போது சர்வே கல்லில் இடித்துப் பின்விளக்கு உடைந்ததை ஆனேக்கலில் கல்லெறி என்று பேசிக்கொள்கிறார்களாம். அந்தக் கல் அங்கே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டபடி நிற்கிறது, அதை யாரும் எறிய முடியாது.

இரண்டாவது ஏன்: அந்தச் சத்தம் ஏன் வந்தது. அது கலவரம் இல்லை, சம்பந்தி. அது ஒரு கச்சேரி. முப்பது வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் ஒரு ராக் பேண்ட் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. பேண்டின் பெயரைச் சொன்னாலும் தங்களுக்குத் தெரியாது, ஆகவே விடுகிறேன். கச்சேரி முடிந்து அவர்கள் உள்ளே போய்விட்டார்கள், ஜனம் வீட்டுக்குப் போகாமல் இன்னொரு பாட்டு வேண்டும் என்று தரையை உதைத்து ஆறு நிமிஷம் கத்துகிறது, நடுவில் அலறுவது மேடை அறிவிப்பாளன். தாங்கள் கேட்டது அந்த ஆறு நிமிஷத்தைத்தான். அதில் கோபமே கிடையாது, அத்தனையும் பிரியம். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் கிதார் ஆரம்பித்திருக்கும், அதைக் கேட்டிருந்தால் ஒருவேளை இன்னும் வேகமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று சுகுணா சொல்கிறாள்.

இந்தப் பைத்தியம் உனக்கு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம், வீட்டில் தினமும் கேட்கிறார்கள். பெங்களூரில் அப்ரெண்டிஸாக இருந்தபோது அறையில் உடன் இருந்தவன் தொற்றவைத்தது. டீப் பர்ப்பிள், லெட் செப்பலின், ஜெத்ரோ டல் என்று கேசட்டாக வாங்கி, ஒரு கட்டத்தில் ஸ்டுடியோவில் பதிவு செய்ததைக் கேட்பதையே நிறுத்திவிட்டேன். பெயிண்ட் அடித்து வருகிற வார்ப்படத்தை நான் நம்புவதில்லை, அடியில் ஓட்டை இருக்கும். மேடைப் பதிவு பெயிண்ட் அடிக்காதது. பாடுகிறவனுக்கு மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டும், டிரம்ஸ்காரன் வழிதவறிப் போய் இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வருவான், அவன் வரும்வரை மற்றவர்கள் காத்திருந்து சரியாக அவனோடு சேர்ந்துகொள்வார்கள். என் மனைவி சத்யப்ரியா இதையெல்லாம் ஒரு நாள் முழுசாக உட்கார்ந்து கேட்டாள். "பாவங்க அவரு, யாராவது அவரை நிறுத்தச் சொல்லக் கூடாதா" என்றாள். அதன் பிறகு நான் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது ஏன்: அந்தக் கச்சேரி நிச்சயதார்த்தக் கேசட்டில் ஏன் இருந்தது. இதில் என் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாதஸ்வரம் பதிந்து கொடு என்று அக்கா கேட்டபோது வீட்டில் வெற்றுக் கேசட் இல்லை. தொண்ணூறு நிமிஷக் கேசட் ஒன்றில் மேற்படி கச்சேரி இரண்டு பக்கமும் இருந்தது. முதல் பக்கத்தை அழித்து அதன் மேல் நாதஸ்வரத்தைப் பதிந்தேன். அந்தப் பக்கத்தில்தான் அந்த இருபது நிமிஷ டிரம்ஸ் இருந்தது. மருமகளுக்காகத்தானே என்று பொத்தானை அழுத்திவிட்டேனே தவிர, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது பக்கத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. எந்தப் பக்கம் எது என்று ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதியும் கொடுத்தேன்.

நான்காவது ஏன்: எழுதியிருந்தும் ஏன் மாறியது. இதற்குச் சவுண்ட் சர்வீஸ் ஜெயமணியைத்தான் கேட்க வேண்டும். நான் சரியாத்தாங்க போட்டேன், டீ குடிக்கப் போயிட்டு வந்து பாத்தா இப்படி இருக்குதுங்க என்கிறார். எல்லப்பன் கேட்கிற நிலையில் இல்லை, இனி இந்த வீட்டு வாசலில் உன் குழாய் ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் வேறு யாரும் இதைப் பழுதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "எவ்ளோ சனம் பாரு, எந்த ஊரு திருவிழாவோ, நல்லா இருக்கட்டும்" என்றாராம்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். பத்தரை மணிக்கு அத்திப்பள்ளி எஸ்.டி.டி. பூத்திலிருந்து தங்கள் மைத்துனர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். "அங்க கலாட்டாங்களா? நாங்க திரும்பிட்டோங்க. நீங்கள்லாம் பத்திரமா இருக்கீங்களா?" என்றார். வெளியே சத்தத்தில் முதல் பாதி எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கலாட்டா என்றதும் அது தங்கள் பக்கத்தில்தான் என்று எடுத்துக்கொண்டு, "நாங்க பத்திரங்க, நீங்க கதவைச் சாத்திட்டு உள்ளயே இருங்க, யாரும் வெளிய வராதீங்க" என்றேன். அவர் அதை என் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வைத்துவிட்டார். பிறகு இங்கே இருநூறு பேர் உங்களுக்காகச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். அங்கே நீங்கள் எங்களுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. இப்படி ஒருவருக்கு ஒருவர் கவலைப்பட்ட இரண்டு குடும்பங்கள் சம்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் வேறு யார் செய்துகொள்வது.

ஐந்தாவது ஏனுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன். விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பமே அபசகுனம் என்று சொல்லித் தாங்கள் சூளகிரிப் பக்கம் வேறு பெண் பார்ப்பதாகத் தரகர் சொன்னார். என் அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. லாவண்யா ஞாயிற்றுக்கிழமை கட்டின புடவையை இன்னும் மடித்து வைக்கவில்லை, நாற்காலி மேலேயே கிடக்கிறது. மாப்பிள்ளை தங்கமான பையன், எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் புரட்டாசி பிறந்துவிடும், பிறகு ஒரு மாதம் எதுவும் பேச முடியாது. ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாங்கள் குடும்பத்தோடு வந்து தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். குழாய் கட்ட மாட்டோம். பால் சொசைட்டி முக்கில் நானே சைக்கிளோடு நிற்பேன், என் பின்னால் வந்தால் போதும். பின்விளக்கை இங்கேயே மாட்டிக்கொடுத்துவிடுகிறேன், எனக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரங்கள், சிறியவர்களுக்கு ஆசிகள், போன் செய்த மைத்துனருக்குத் தனியாக ஒரு மன்னிப்பு. எல்லாரும் எல்லா நலமும் பெற்று, வெள்ளிக்கிழமை மழை இல்லாமல் வந்து சேர மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
பாஸ்கரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது லாவண்யா கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "ஜெயமணி அண்ணன் மேல பழி போடாதீங்க மாமா. அவரு டீ குடிக்கப் போனப்ப பக்கத்தைத் திருப்பிப் போட்டது நான்தான்" என்றாள். பெண் பார்க்க வந்த அன்று கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளை அவளிடம் இந்தக் கச்சேரியைப் பற்றித்தான் பேசினாராம். பாட்டே வேண்டாம், கூட்டம் கத்துவதை மட்டும் போட்டால் போதும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இது எந்தக் கச்சேரி என்று சொல்லிவிடுவேன் என்றாராம். அவர் வந்து இறங்கும்போது அது கேட்கட்டும், தனக்காகத்தான் போட்டிருக்கிறாள் என்று அவருக்கு மட்டும் தெரியட்டும் என்று இவள் நினைத்திருக்கிறாள். வேனில் முன்சீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது அவர்தான் என்பதையும் பால் வேன் டிரைவர் மூலம் விசாரித்து வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ணு, அன்னிக்கு எங்கிட்ட சும்மா அளந்து விட்டிருக்கணும். இல்லேன்னா, என்ன சத்தம்னு தெரிஞ்சும் அவங்கப்பா முன்னாடி வாயைத் தொறக்காம உக்காந்திருக்கணும். ரெண்டுல எதுன்னு அவரையே எழுதச் சொல்லுங்க. அளந்திருந்தா பரவால்ல, பொண்ணு பாக்க வந்தா எல்லாரும் அளக்கறதுதான், வெள்ளிக்கிழமை வரட்டும். தெரிஞ்சே சும்மா உக்காந்திருந்தா வர வேணாம்." ஆகவே மேலே எழுதிய அழைப்பை, மாப்பிள்ளையிடம் கேட்ட பிறகு எடுத்துக்கொள்ளவும். என் அபிப்பிராயம் இவள் சொல்வதற்கு நேர்மாறானது. பயம் யாருக்கும் வரும், கேட்காத கச்சேரியைக் கேட்டதாகச் சொல்கிறவனுக்குத்தான் நான் பெண் கொடுக்க மாட்டேன். ஆனால் கட்டிக்கொள்ளப் போவது அவள்.