பெருவுக்குப் போன வான்

டென்மார்க்கில் ஓரடிகூட நகராமல் தென்னமெரிக்க மலைகளை ஏறி இறங்கிய ஒரே மனிதர் எங்கள் பெரு அண்ணைதான். சந்தேகமிருந்தால் எண்பதுகளின் நடுவில் ஹோர்சன்ஸ் நகரத்தில் இருந்த எந்தத் தமிழரையும் கேளுங்கள். பாதிப் பேர் அவரோடு போய் வந்தவர்கள்.

பெயரைக் கேட்டு ஆள் பெரியவர் என்று நினைக்கவேண்டாம். காற்றடித்தால் சைக்கிளோடு சேர்த்துப் பிடிக்கவேண்டிய உடம்பு. பெரு என்பது நாடு. ஊரில் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர், இங்கே பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். டென்மார்க்கோ தோசைக்கல் மாதிரித் தட்டை. ஒருமுறை மொழி வகுப்பிலிருந்து எங்களை 'வானமலை' என்று பெயர்கொண்ட இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதன் உச்சியில் நின்றுகொண்டே, மலை எங்கே என்று அண்ணை ஆசிரியையிடம் கேட்டார். திரும்பி வரும் வழியில்தான் பெருவுக்குப் போவதென்று முடிவெடுத்தார்.

அகதிகளுக்குத் தந்த பயணப் புத்தகத்தில், இலங்கை தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று போட்டிருந்தது. "அப்ப, மறிக்காத மலைக்குப் போவம்" என்றார். அங்கேயும் சண்டையாம் என்று பயங்காட்டிப் பார்த்தோம். "எங்களுக்கென்ன அது புதுசோ?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணையும் சேர்த்து நாங்கள் நாலுபேர் ஒரு கமக்காரக் கிழவரின் பண்ணைவீட்டில் வாடகைக்கு இருந்தோம். பின்வளவில், ஆப்பிள் மரத்துக்குக் கீழே, படுக்கையும் அடுப்பும் வைத்த பழைய வான் ஒன்று நின்றது. ரயரில் காற்றில்லை. என்ஜின் எப்போதோ செத்துவிட்டது. அண்ணை சாவியைக் கேட்டபோது கிழவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் பயணம். காலையில் லீமாவில் ஏறினால் மத்தியானச் சாப்பாடு குஸ்கோவில். நூலகத்து நிலப்படம் அவர் மடியில் இருக்கும். வளைவு வந்தால் எல்லோரும் ஒரு பக்கம் சாயவேண்டும். சாயாதவனை நடுமலையில் இறக்கிவிடுவார். அவன் மழைக்குள் ஆப்பிள் மரத்தடியில் நிற்கவேண்டியதுதான். ஒருநாள் கோப்பியோடு எட்டிப்பார்த்த கிழவரும் ஏறி, எங்களைப் பார்த்து முறையாகச் சாய்ந்தார். கோப்பி முழுவதும் என் காற்சட்டையில்.

ஓட்டுநர் பக்கத்து சீற்றில் மட்டும் எவரும் இருக்கக்கூடாது. அது மலர் அக்காவின் இடம். அண்ணையின் மனைவி, பண்டாரவளையில் டீச்சராக இருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டில் இருந்தார். அவருக்கு விசா வருகிறது, வருகிறது என்று இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அண்ணை வேகத்தைக் குறைப்பார். இல்லாத வேகத்தைத்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மலருக்கு வளைவிலை தலை சுத்தும்" என்றார். "அவ என்ர பஸ்ஸிலை ஏறின முதல்நாளே பாத்தனான்."

அந்த டீச்சர் ஏறும் நாட்களில் பஸ் ஊர்ந்துதான் போகுமாம். மற்றப் பயணிகள் ஏசுவார்களாம். அந்த ஏச்சில்தான் டீச்சருக்கே விஷயம் விளங்கியிருக்கிறது.

பனி கரைந்த பிறகு ஒருநாள் மலர் அக்கா வந்துவிட்டார். ஸ்டேஷனில் அவரின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று நடந்த அண்ணை, பாதி வழியில்தான் மனைவியை மறந்துவிட்டதை உணர்ந்து திரும்பி ஓடினார்.

இருவரும் நகரத்தில் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பெரு என்ற பேச்சே நின்றுபோனது. வான் பூட்டிக் கிடந்தது. அந்தப் பயணம் எங்களுக்கும் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. என் மனைவி மன்னாரில் இருந்தாள். மற்ற இருவரின் குடும்பங்களும் ஊரில்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மூன்று பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கடைசியில் வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, இந்தக் கிழமை பெருவுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

அண்ணை சிரிக்கவில்லை. மலர் அக்கா எழும்பிப்போய்த் தன் குளிர்க்கோட்டை எடுத்தார்.

"வாங்கோ" என்றார் அண்ணை. "உங்கடை ஆக்கள் வந்து சேருமட்டும் ஓடுவம்."

என் மனைவி வந்து இறங்க இன்னும் இரண்டு குளிர்காலம் பிடித்தது. பனி கொட்டிய ஞாயிறுகளிலும், நான் எழும்பிப் போகுமுன்பே, வானின் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அண்ணை எனக்காகக் காத்திருந்தார்.